சஹனில் ஆறாவது ஆள்

இரத்தோட்டை பஸ் கண்டக்டர் செல்வராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலை ஒன்பதரை மணி இருக்கும். கடையில் ஒரு சிங்கள அம்மாவுக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தேன். செல்வராஜ் வாசற்படியில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, நம்ம டைம்கீப்பர் ஐயா தவறிட்டாருங்க. விடியக்காலம் தொழுதுட்டுப் படுத்தவரு எழும்பலையாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. அன்று காலை நம் பள்ளிவாசல்காரர்கள் மூன்று பேர் கடையைக் கடந்து போனார்கள். மூவரும் ஸலாம் சொன்னார்கள், மூவருக்கும் பதில் சொன்னேன். செய்தி தெரிந்தும் நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அது அவர்கள் குற்றமில்லை. எனக்கும் டைம்கீப்பர் ஜமால்தீனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை என்பது திருகோணமலை வீதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துணியைச் சுற்றிக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மாத்தளை பஸ் நிலையத்தில் ஒரு நாளாவது காத்து நின்றவர்களுக்கு ஜமால்தீனைத் தெரிந்திருக்கும். ஐம்பத்தெட்டில் பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது டைம்கீப்பராகச் சேர்ந்தவர். காக்கிக் கோட்டு, காதில் சொருகிய பென்சில், வெள்ளைத் தொப்பி. எழுத்தில் 'அவர்' என்கிறேன். நேரில் நாங்கள் இருவரும் 'நீ', 'மச்சான்'தான். ஒரே ஓதப்பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து அலிஃப், பே ஓதியவர்கள். அவர் நேராக ஓதினார். நான் பக்கத்தில் இருந்த அவர் வாயைப் பார்த்து ஓதினேன்.

நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது என்பதைப் பற்றி நம் ஊரில் கேட்காத வெள்ளிக்கிழமை குறைவு. தீமையைக் கண்டால் கையால் தடு, முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் மனதால் வெறு என்று பள்ளிவாசல் ஹஸரத் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவோம். நான் மனதால் வெறுப்பதில் கெட்டிக்காரன். அதற்குக் கடையை விட்டு எழும்பவேண்டியதில்லை. ஜமால்தீன் மட்டும் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். "கையால தடுக்கிற எண்டா மத்தவன்ட கையப் புடிக்கிற எண்டா நெனச்சே? என்ட கை எங்க போகுது எண்டு நான் பாக்கிறதுதான் மச்சான்" என்பார்.

ஒரு நாள் எல்கடுவ பஸ்ஸில் ஒரு கண்டக்டர், தோட்டத்து அம்மா ஒருவரை மூட்டையோடு இறக்கிவிட்டுக் கண்டபடி ஏசினான். நான் அங்கே நின்றேன். ஜமால்தீன் பஸ்ஸை நிறுத்திவைத்தார். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையைத் தானே தூக்கி உள்ளே வைத்து, அந்த அம்மாவை முன் ஆசனத்தில் உட்காரவைத்தார். பிறகு கண்டக்டரின் தோளில் கை போட்டு அலுவலகத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரும்பி வந்தவனின் முகம் சிவந்திருந்தாலும் பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் என்ன நடந்ததென்று தெரியாது. என்ன சொன்னாய் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். "அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நாலு பேருக்கு முன்னால செல்லியிருந்தா அவன் திருந்த மாட்டான், என்ன வெறுப்பான். அவ்வளவுதான்" என்றார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். பகல் பன்னிரண்டு மணித் தம்புள்ளை பஸ்ஸை அனுப்பிவிட்டுக் கடைக்கு வருவார். வாடிக்கையாளர் வாங்கில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ, ஒரு கடி கருப்பட்டி. பசி வயிற்றைக் கிள்ளும் அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு எனக்கு உபதேசம் செய்யத் தோன்றும். ஒரு நாள் கடை காலியாகும் வரை காத்திருந்துவிட்டு, "துணி அளக்கக்குள்ள உன்ட பெருவிரல் யார்ட பக்கம் ஈக்கி?" என்று கேட்டார். நாங்கள் யார் என்று சொல்லும் கெஜக்கோலின் முனை தொடும் இடத்தில் துணியைப் பெருவிரலால் பிடிப்போம். விரலுக்கு உள்ளே அளந்தால் ஒவ்வொரு யாருக்கும் ஒரு விரல் அகலம் கடைக்கு மிஞ்சும். எங்கள் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது, வழக்கம்போல. ஆனால் அடுத்த நாளிலிருந்து விரலுக்கு வெளியே அளக்கத் தொடங்கினேன். அவர் கவனித்தார். கருப்பட்டியில் பாதியை உடைத்து என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பகல் நேரங்களுக்காக நான் இப்போது ஏங்குகிறேன். உபதேசத்துக்கும் சேர்த்துத்தான்.

இனி நான் எழுத வந்ததை எழுதவேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கலியாணங்களில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவோம். நடுவில் பெரிய தாம்பாளத்தில் சோறு, அதன்மேல் இறைச்சி, கோழி, கறிகள். ஆறு பேரும் கை கழுவி உட்கார்ந்த பிறகுதான் முதல் கை சோற்றில் படும். அப்போதெல்லாம் ஒஸ்தா மீராசாய்பு குடும்பத்துக்கு மட்டும் சஹன் கடைசியாக, சமையல் நடக்கும் குசினியின் கதவுக்குப் பக்கத்தில் வைக்கப்படும். நம் குழந்தைகளின் முடி இறக்குவதும், பையன்களுக்குச் சுன்னத்து வைப்பதும், மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதும் அவர்கள்தான். மீராசாய்பு, அவருடைய இரண்டு தம்பிகள், இரண்டு மகன்கள். ஐந்து பேர். ஆறாவதாக நம்மில் ஒருவரும் போய் உட்காருவதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதோம். சோற்றுக்கு மட்டும் தோள் விலகியது.

ஜமால்தீன் இதைப் பற்றி முதலில் பேசித்தான் பார்த்தார். பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனார். "நாங்க ஒண்டும் செல்லல்லயே, அவங்களாத்தானே அங்கால போய்க் குந்துறாங்க" என்றார்கள். நான்கூட அதையேதான் சொன்னேன். பிறகு ஒரு கலியாணத்தில் வேலை முடிந்து கோட்டோடு வந்தவர், நேரே குசினிப் பக்கம் போய்க் கை கழுவினார். "ஆறு பேர் வேணுமே, கொஞ்சம் தள்ளுங்க மீராசாய்பு" என்று சொல்லி உட்கார்ந்தார். மீராசாய்பு சோற்றில் கை வைக்கப் பயந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜமால்தீன் கோழித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்த பிறகுதான் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் அவருக்கு அந்த இடம்தான். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், பழகிக்கொண்டார்கள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை போல் ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் மேலிருந்து நீங்கிவிடும் கடமைகள் உண்டல்லவா, அதற்கு பர்ளு கிபாயா என்று பெயர். ஒரு கலியாணப் பந்தலில் யாரோ ஜமால்தீனைக் காட்டிச் சிரித்தபோது, "அது பர்ளு கிபாயா. எங்க எல்லாருக்கும் சேத்து அவன் போய்ட்டான், நாம நிம்மதியாச் சாப்பிடுவோம்" என்று நான் சொன்னேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பகிடி பல வருடம் ஊரில் உலவியது. அதைச் சொன்னவன் நான் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

அறுபத்தெட்டில் என் மூத்த மகளுக்குக் கலியாணம். கண்டிப் பக்கத்துப் பெரிய குடும்பம். ஒரு கிழமைக்கு முன்பு ஜமால்தீன் கடைக்கு வந்தார். அன்று கருப்பட்டியைத் தொடவில்லை.

"மச்சான், உன்ட வீட்டுல மீராசாய்புட சஹன முன் வரிசையில வை. ஆறாவதா நீ குந்து. ஊட்டுக்காரன் குந்தினா ஊரே பின்னால வரும்."

"சரி" என்றேன்.

சரி என்றபோது உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் நாள் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டாரின் முகங்கள் கண்முன் வந்தன. எனக்கு ஒரு வழி தோன்றியது. நல்ல வழி என்று நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். கலியாணத்தன்று காலையிலேயே ஒரு முழுச் சஹனை, வேறு எவருக்கும் வைக்காத அளவு இறைச்சியோடு, வெள்ளைத் துணியால் மூடி மீராசாய்பு வீட்டுக்கே அனுப்பிவைத்தேன். முன் வரிசையும் இல்லை, பின் வரிசையும் இல்லை. அவமானமும் இல்லை, வம்பும் இல்லை. ஜமால்தீன் வந்ததும் அவரை மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, காதோடு இதைச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்கு அனுப்பினியா" என்றார். அவ்வளவுதான். நான் அடுத்த வரிசையைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பாவும் மற்ற நான்கு பேரும் கழுவிய கையோடு காத்திருந்தார்கள். "எங்க ஒங்கட கூட்டாளி?" என்று சம்பந்தி கேட்டார். அதற்குள் குசினிப் பக்கமிருந்து ஒருவர் வந்து, ஜமால்தீன் நானா ஒஸ்தா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அந்த இடத்தில் நானே உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்தார். ஒரு முஸ்லிம் இன்னொருவனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக்கூடாது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். வாங்கில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"உன்ன ஆளுகளுக்கு முன்னால வெக்கப்படுத்திட்டேன். எழும்பிப் போகக்குள்ள அந்த எடம் வெறுமையாத் தெரியும் எண்டு நான் யோசிக்கல்ல. யோசிச்சிருக்கணும். அதுக்கு மாப்புத் தா மச்சான். அங்க போய்ச் சாப்பிட்டதுக்கு நான் மாப்புக் கேக்க மாட்டேன்."

நான் துணிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிய சுருளையே திரும்ப எடுத்து அடுக்கினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். ஸலாத்துக்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஆறு வருடம் அப்படியே போயிற்று. வீதியில் கண்டால் அவர் ஸலாம் சொல்வார், நான் பதில் சொல்வேன். ஸலாமும் பேச்சுதானே, அதனால் நான் பேசாமல் இருக்கவில்லை என்று மனதுக்குள் வழக்காடிக்கொண்டேன். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவும்போது செருப்பைத் தேடும் சாக்கில் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். தேநீர்க் கடைக்காரர் பல மாதம் பழக்க தோஷத்தில் பகலில் இரண்டு கோப்பை அனுப்பினார். ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். ஜமால்தீன் பஸ் நிலையத்தில் ஊதும் விசில் கடைக்குக் கேட்கும். பன்னிரண்டு மணி விசில் கேட்டதும் என் கண் தானாக வாசலுக்குப் போகும். இன்றைக்கு வந்தால் பேசிவிடலாம் என்று நினைப்பேன். அவர் வந்து கேட்டாயிற்று, இனிப் போகவேண்டியவன் நான் என்பது தெரியும். கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே இருநூறு யார் தூரம்கூட இராது.

அவர் தவறிய அன்று மையித்துத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் ஸாஹிர், வரிசையாக நின்ற ஸப்புகளைப் பார்த்து நின்றான். "எங்கட வாப்பா யாருட மனசையும் நோக வச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிடுங்க" என்றான். எந்த ஜனாஸாவிலும் கேட்பதுதான். "மன்னிச்சிட்டோம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கலாம், அத்தனை குரலுக்கு நடுவே என் குரல் யாருக்கும் கேட்டிராது. ஆறு வருடத்துக்கு முன் அவர் தன் வாயாலேயே என்னிடம் கேட்டிருந்தார். பதிலை அவர் காதில் சொல்லியிருக்கவேண்டும். மாப்புக் கேட்க வேண்டியவன் நான்தான் என்பதையும் அப்போதுதான், மையித்து இருந்த அந்தச் சந்தூக்குக்கு முன்னால் நின்றபோதுதான், முழுதாக உணர்ந்தேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஏழாம் நாள் அவர் வீட்டில் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினோம். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். சஹன்களில் சோறு கொஞ்சமாகத்தான் இருந்தது. மீராசாய்புவின் சஹனை ஸாஹிர் முன் வரிசையில் நடுவே வைத்திருந்தான். ஐந்து பேரும் கை கழுவி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து மற்றச் சஹன்களில் நிறைந்தார்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். வெறுப்பினால் அல்ல என்று நினைக்கிறேன். அது ஜமால்தீனின் இடம் என்று அவ்வளவு காலமாகப் பழகிவிட்டோம். அவருக்கு நாங்கள் செய்த மரியாதை அதுதான். அவர் இல்லாமல் போனதும் அந்தக் கடமை ஊர் முழுவதன் தலையிலும் வந்து இறங்கியிருந்தது, எங்களில் ஒருவரும் அசையவில்லை. ஐந்து பேரும் ஆறாவது ஆளுக்காகச் சோற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

மீராசாய்புக்கு இப்போது எழுபதுக்கு மேல். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மொதலாளி, ஒங்களுக்கு அங்கால எடம் போட்டிருக்கிறாங்களே."

"எனக்கு இதுதான் எடம். அன்டைக்கு நான் செஞ்சது தப்பு, மீராசாய்பு. சஹன வீட்டுக்கு அனுப்பிட்டு உங்கள வர விடாமச் செஞ்சேன். எனக்கு மாப்புத் தாங்க."

அவர் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அன்டைக்கு நாங்க அதத் தொறக்கல்ல மொதலாளி. மூடின துணியோட அப்பிடியே வச்சிருந்தோம். என்ட மகன் திருப்பி அனுப்பணும் எண்டு நிண்டான். அப்பத்தான் ஜமால்தீன் நானா வந்தாரு. அவருதான் துணிய எடுத்தாரு. 'என்ட கூட்டாளி மனசு நல்லது. பயந்தவன், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு வந்து உங்களோட குந்துவான்' எண்டு செல்லித்தான் எங்களச் சாப்பிட வச்சாரு."

"ஒரு தரம்தான் சென்னாரா?"

"எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் செல்லுவாரு. போன மாசம் முடி எறக்கின வீட்டுலயும் சென்னாரு. சாப்பிடுங்க மொதலாளி, கறி சூடு போகுது."

கோழித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தேன். அவர் இன்னொரு துண்டைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். சாப்பிட்டோம்.

ஜமால்தீனை அறிந்தவர்களே, அவரிடமிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை வைத்திருப்பீர்கள். அவர் பொய் பேசி நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த மனிதர் நான் முகம் திருப்பிக்கொண்ட ஆறு வருடமும் என்னைப் பற்றி ஒரே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் வருவேன் என்று. எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். அந்தச் சஹனில் ஆறாவதாக உட்கார்ந்து அதைப் பொய்யில்லாமல் ஆக்க என்னால் முடிந்தது, அவர் உயிரோடு இருந்தவரை முடியவில்லை.